கணிப்பொறியைத் திறந்து பார்ப்போம்



நமது மாலைநேரப் படிப்பகத்திற்கு நன்கொடையாக வந்த கணிப்பொறிகள் மெதுவாக இயங்குகின்றன. அவற்றைக் கழித்துவிடலாம் என்று சிலர் கூறுகின்றனர். கழிப்பதற்கு முன் திறந்து பார்ப்போம் என்பதே என் வேண்டுகோள்.

கணக்கிடுவது செயலி. அப்போதைய வேலையைத் தாங்குவது ராம் எனப்படும் நினைவகம். நிலையாகச் சேமித்து வைப்பது வட்டு. நினைவகம் படிக்கும் மேசை போன்றது. வட்டு புத்தக அலமாரி போன்றது. மேசை சிறிதானால் அலமாரிக்கு நடப்பதிலேயே பொழுது கழியும். ஆகவே 4 ஜி.பி. நினைவகத்தை 8 ஆக்குவது நலம்.

நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் பழைய வட்டு, ஒரு தகவலைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி வினாடி கொள்ளும். சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. அதனை ஒரு மில்லி வினாடிக்குள் முடித்துவிடும். இம்மாற்றமே பெரும்பயன் தருவது.

தூசியும் பகையே. வெப்பம் மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்னிணைப்பை நீக்கியபின் விசிறியைத் துடைத்தல் வேண்டும். டி.டி.ஆர். 3 பலகையில் டி.டி.ஆர். 4 நினைவகம் பொருந்தாது என்பதையும் அறிந்து வாங்குக.

'தொடாதே' என்ற சொல்லை நம் முன்னோர் கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் கேட்டனர். நம் பிள்ளைகள் பொறியின் முன்னும் அதைக் கேட்டு நிற்க வேண்டா. மாணவியரும் திருப்புளியைக் கையில் எடுக்கட்டும். பிறர் கழித்த பொறியை ஓடச் செய்யும் கை, நாளை புதிய பொறியையும் ஆக்கும்.