வாசலுக்கு வரும் செவிலியர்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு வாடகை வீடு. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்க வைத்துத்தான் பட்டையைச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் அளவு தப்பிவிடும். தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ, இந்தியோ, அவர் சொல்வதும் செவிலியருக்குப் புரிய வேண்டும். இதெல்லாம் மனப்பாடத்தில் வராது. 2021-இல் இந்திய செவிலியர் கவுன்சில் அறிவித்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம், செய்துகாட்டும் திறனுக்கே முதலிடம் தருகிறது; இது அவசியமான மாற்றம். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி, வீடு தேடிச் சென்று மருத்துவம் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். உங்கள் வாசலுக்குச் செவிலியர் வந்தால், அந்த ஐந்து நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள்.