டெல்டாவில் ஆப்பிள் கன்று வைக்கலாமா?

தை பொறந்து வயல்ல தண்ணி வடிஞ்சதும் நம்ம பக்கம் கன்று விக்கிற வண்டிங்க வரிசையா வந்து நிக்கும். மா, கொய்யாவோட இப்ப ஆப்பிளும் வருது. "எந்த வெயிலும் தாங்கும், மூணாம் வருஷம் காய்"னு சொல்லி விக்கிறாங்க. வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. ஆசைக்கு வீட்டுக் கொல்லையில ஒண்ணு வச்சுப் பாருங்க, தப்பில்லை. ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர்னு இறங்காதீங்க.

ஆப்பிள் குளிர்காலத்துல இலையை உதிர்த்துட்டுத் தூங்கற மரம். அந்த மொட்டு முழிச்சுப் பூக்கணும்னா, 7 டிகிரியை ஒட்டின குளிர் இத்தனை மணி நேரம் கிடைக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. காஷ்மீர், சிம்லா பக்கத்துப் பழைய ரகங்களுக்கு 1000 மணி நேரம் வரைக்கும்கூட வேணும். இஸ்ரேல்ல உருவாக்கின அன்னா ரகம் 300 மணி நேரத்துலயே திருப்திப்படும். இப்ப நம்ம ஊர்ல அடிபடற பேரு எச்.ஆர்.எம்.என் 99. இமாச்சலப் பிரதேசம் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கினது. 2025-ல அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க, கொடுக்க வேண்டியதுதான். ஆனா பிலாஸ்பூர் இமயமலையோட அடிவாரத்துச் சீமை. அங்க கோடை கொளுத்தும், குளிர்காலமும் குளிர்காலமா இருக்கும். தஞ்சாவூர்ல மார்கழி விடியக்காலையில கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிக்குது. வெயில் தாங்கறது வேற, குளிரே இல்லாம பூக்கறது வேற. கன்று விக்கிறவர் முதல் விஷயத்தை மட்டும்தான் சொல்வார்.

"ஜாவாத் தீவுல விளையுதே"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். விளையுதுங்க. மலாங் பக்கம் அறுப்பு முடிஞ்சதும் கையாலயே இலையை உருவி விட்டு மரத்தை ஏமாத்திப் பூக்க வைக்கிறாங்க. அதுவும் மலைமேட்டு ஊர். நம்ம கொடைக்கானல் மாதிரின்னு வச்சுக்கங்க, மன்னார்குடி மாதிரி இல்லை.

வடக்க தோட்டம் போடறவங்க ரகத்தைப் பார்த்ததும் கேக்கறது, "எங்க ஊர் உறைபனியில இது பொழைக்குமா?"ன்னுதான். நமக்கு உறைபனி கிடையாது. நம்ம மரத்தைக் கொல்றது ஐப்பசி, கார்த்திகையில வேர்ல நிக்கிற தண்ணி. அப்புறம் பங்குனி சித்திரையில களிமண் வெடிச்சு சல்லி வேரை அறுக்கறது. அதையும் தாண்டி வந்தா, 2018 நவம்பர் 16 விடியக்காலையில வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா மாதிரி காத்து. இந்த மூணையும் வச்சுத்தான் ரகத்தைப் பார்க்கணும்.

அதனால கன்றுக்குக் காசு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. நல்ல மழை விட்ட ரெண்டாம் நாள், மரம் வைக்கப்போற இடத்துல மூணடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்க. உள்ள ஊத்து கசிஞ்சு தண்ணி ஏறி, நாலஞ்சு நாள் ஆகியும் இறங்கலைன்னா அந்த இடம் பலாவுக்கும் பப்பாளிக்கும் ஆகாது. பப்பாளி ரெண்டு நாள் தண்ணி நின்னாலே தலை தொங்கிடும். வல்லம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண், மணல் சாரி நிலம் வச்சிருக்கறவங்களுக்கு இந்தக் கவலை குறைவு. கும்பகோணம், திருவாரூர்க் களிமண்ணுக்குக் கொய்யா பரவாயில்லை, நாவல் அதைவிடத் தேவலை. கொய்யாவுல லக்னோ 49 எடுங்க. பேருதான் லக்னோ, தேர்ந்தெடுத்தது புனேயில.

என்னைக் கேட்டா, கடலோரம் இருக்கறவங்க முதல்ல சப்போட்டாவைப் பார்க்கணும். கோடியக்கரைக் காட்டுல பாலை மரம் பார்த்திருப்பீங்க. கடல் காத்து, உப்பு, கோடை எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நிக்கிற மரம். அந்தப் பாலை நாத்துலதான் சப்போட்டாவை ஒட்டுக் கட்டறாங்க. மேல பெரியகுளம் 1 மாதிரி நல்ல ரகம், கீழ பாலையோட வேர். கன்று வாங்கறப்ப ஒட்டு வாயைத் தடவிப் பாருங்க. பிளவு இல்லாம சதை கூடியிருக்கணும், கட்டின பிளாஸ்டிக் நாடா தண்டை இறுக்கிக்கிட்டு இருக்கக் கூடாது. நட்ட பிறகு ஒட்டுக்குக் கீழயிருந்து துளிர் வரும், அதைச் சந்தோஷமா விட்டுடாதீங்க. இலை நுனி உள்வாங்கி ரெண்டாப் பிரிஞ்ச மாதிரி இருந்தா அது பாலை. சப்போட்டா இலை நுனி அப்படி உள்வாங்காது. பாலைத் துளிரைக் கிள்ளாம விட்டா, மேல இருக்கிற சப்போட்டாவை அமுக்கிட்டு அதுவே மரமாயிடும். அஞ்சாறு வருஷம் தண்ணி ஊத்தினவர் கதி என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க.

மாவும் பூக்கறதுக்கு ராத்திரிக் குளிர் கொஞ்சம் கேக்கும். நம்ம மார்கழிக் குளிரே அதுக்குப் போதும். வடக்கத்தி தசேரி ஒரு வருஷம் காய்ச்சா மறு வருஷம் ஓய்வெடுக்கும். நம்ம நீலம் வருஷா வருஷம் காய்க்கும். அந்தக் குணத்துக்காகத்தான் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல நீலத்தையும் தசேரியையும் சேர்த்து மல்லிகாவையும் அம்ராபாலியையும் உருவாக்கினாங்க. அவங்களே தெற்க வந்து மாப்பிள்ளை எடுத்தப்ப, நாம வடக்க பார்த்துக்கிட்டு நிக்கிறது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாத்தான் இருக்கு. அம்ராபாலி குட்டை மரம், காத்துக்கு அதிகம் இடம் கொடுக்காது. மத்த ஒட்டு மாவையும் முதல் ரெண்டு மூணு வருஷம் நுனியை வெட்டி, தாழ்வா நாலு கிளையா படர விடுங்க.

கன்றை அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலயோ, ரசீதுல ரகத்தோட பேரை எழுதிக் கொடுக்கிற நாற்றங்காலிலயோ வாங்குங்க. குடுமியான்மலை, வல்லத்திராக்கோட்டைப் பண்ணைங்க நமக்குப் பக்கம்தான். பையைக் கிழிச்சதும் வேர் உள்ளுக்குள்ளயே சுருண்டு சுத்தியிருந்தா அந்தக் கன்றைத் திருப்பிக் கொடுத்துடுங்க. களிமண் காரங்க குழிக்குள்ள புதைக்காம, ரெண்டடி உயரம் மண்ணைக் கூட்டி மேடாக்கி, ஒட்டு வாய் தரைக்கு மேல தெரியற மாதிரி நடுங்க. மேட்டைச் சுத்தி வாய்க்கால் எடுத்து, தண்ணி எந்தப் பக்கம் ஓடி வடியும்னு நடறதுக்கு முன்னாடியே ஒரு குடம் ஊத்திப் பார்த்துக்கங்க.