சிந்திக்க விடும் ஆசிரியர்

இலையுதிராத, முஃமினுக்கு உவமையான மரம் எது என நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வினவினார்கள். விடையை உடனே கூறாமல் சிந்திக்க விட்டார்கள். பேரீச்சை என்று உணர்ந்தும், பெரியோர் முன் வெட்கி மௌனமானார்கள் இளையவரான இப்னு உமர் (ரலி). மகன் அதைச் சொல்லியிருந்தால் தமக்குப் பெரிதும் பிரியமாக இருந்திருக்கும் என்றார்கள் தந்தை உமர் (ரலி).

நம் வகுப்பறைகளிலும் அத்தகைய பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பேச வைக்கும் கலையை ஆசிரியரும் கற்றாக வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷிவேலியில் பயின்று வந்தே செயல்வழிக் கற்றலைத் தொடங்கினர். ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். 2007-08இல் அது மாநிலமெங்கும் பரவியது.

ரமணாசிரமம் பகுதிப் பெற்றோர்களே! ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லும் நாளில் பாடம் வீணாகிறதென முணுமுணுப்போர் உண்டு. அங்கு என்ன கற்றீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். மதரஸா உஸ்தாதுகளுக்கும் இப்பயிற்சி தேவை. ஜமாஅத் நிர்வாகம் இவ்வாண்டே அதற்கு நிதி ஒதுக்கட்டும்.