ரேஷன் கார்டும் ரகசிய அறையும்
(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"சுருக்கமா பேசு, சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் காதில் சொல்லிவிட்டார். ஆகவே சாப்பாட்டு விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1940 மே மாதம் ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்தது. அங்கே சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். 1942 கோடையில் அவர்களை ரயிலேற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தலைமறைவானார்கள். எங்கே? சாதாரணக் குடும்பங்களின் பரணில், நிலவறையில், வைக்கோல் போருக்குள்.

ஒளிய இடம் கொடுத்துவிடலாம். சாப்பாடு? ரொட்டி, பால், இறைச்சி எல்லாமே ரேஷன். ஒளிந்திருப்பவருக்குக் கார்டு ஏது? நாலு பேர் கார்டில் ஏழு பேர் சாப்பிடணும். கடையில் கூடுதலாக வாங்கினால் சந்தேகம். கொடியில் ஒரு சட்டை அதிகம் காய்ந்தாலும் சந்தேகம். ஒரு யூதரைப் பிடித்துக் கொடுத்தால் 7.50 கில்டர் சன்மானம்!

ஹார்லெம் நகரில் காஸ்பர் டென் பூம் என்ற முதியவர் கடிகாரக் கடை வைத்திருந்தார். கல்யாணமாகாத மகள்கள் இருவர், பெட்சி, கோரி. கோரி தனக்குத் தெரிந்த ரேஷன் அலுவலக ஊழியர் ஒருவர் மூலம் கார்டுகளைத் திரட்டினார். அவருடைய படுக்கையறையில் பொய்ச்சுவர் எழுப்பி, பின்னால் சிலர் நிற்கும் அளவுக்கு இடுக்கு அமைத்தார்கள். மணி அடித்ததும் எல்லோரும் உள்ளே போக ஒத்திகை நடக்கும். படுத்திருந்த சூடு தெரியாமலிருக்க மெத்தையைக்கூடப் புரட்டிப் போடணும்.

1944 பிப்ரவரி 28-ல் ஒருவன் காட்டிக் கொடுத்துவிட்டான். குடும்பத்தாரைக் கைது செய்தார்கள். ஆனால் சுவருக்குப் பின்னால் இருந்த ஆறு பேர் அந்தச் சோதனையில் அகப்படவில்லை. 84 வயதுப் பெரியவர் பத்தே நாளில் இறந்தார். பெட்சி அந்த டிசம்பரில் ராவென்ஸ்ப்ரூக் முகாமில் இறந்தார். அந்த மூவரில் கோரி மட்டும் உயிரோடு திரும்பினார்.

இதில் என் மனசை விட்டு அகலாதவர் அந்த ரேஷன் ஊழியர்தான். 1940 அக்டோபரில், 'நீ யூதனா, இல்லையா' என்று கேட்கும் படிவம் அரசு ஊழியர்களிடம் நீட்டப்பட்டது. கிட்டத்தட்ட எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மேலிடத்து உத்தரவு, போட்டார்கள். அதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவரோ கார்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் தாலுகா ஆபீஸ், பாங்க், பள்ளிக்கூடம் என்று ஒரு மேஜைக்குப் பின்னால் காலம் கழித்தவர்கள். வீரம் என்றால் போர்க்களம் என்று நினைக்கிறோம். அந்த வீடுகளில் அது தினசரி உலை வைப்பதாக, ஒரு தட்டு கூடுதலாகக் கழுவுவதாக, வருஷக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருப்பதாக இருந்தது. நம் கதவை அப்படி ஒருவர் தட்டினால் என்ன செய்வோம்? பதிலை இங்கே கைதட்டிச் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய், குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.