இயந்திரத்துக்கும் உறக்கம் வேண்டுமா?

(விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் பங்கில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது, 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. அங்கு இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வீடு திரும்புவோரை நாம் யாவரும் அறிவோம். "இயந்திரம் தூங்குவதில்லை, மனிதன்தான் தூங்கிப் பொழுதை வீணாக்குகிறான்" என்று சிலர் பேசுகின்றனர். அது சரிதானா? செயற்கை நுண்ணறிவைக் கொண்டே ஆராய்வோம்.

1989-ல் மெக்ளாஸ்கி, கோஹன் என்னும் இரு அறிஞர்கள், மூளை நரம்புப் பின்னலைப் போல அமைத்த ஒரு கணினி நிரலுக்குக் கூட்டல் வாய்ப்பாடு கற்பித்தனர். ஒன்றைக் கூட்டும் கணக்கை அது நன்றாகக் கற்றது. பின்பு இரண்டைக் கூட்டக் கற்பித்ததும், முதற்பாடம் மறந்தே போயிற்று! இரு பாடங்களும் அதே இணைப்புகளில் பதிவதால், புதியது பழையதை அழித்துவிட்டது.

நமக்கு ஏன் அவ்வாறு நேர்வதில்லை? 1994-ல் வில்சன், மெக்நாட்டன் ஆகிய இருவர் எலிகளை ஆராய்ந்தனர். எலி நடமாடியபோது அதன் மூளையில் ஒருசேர இயங்கிய நரம்பணுக்கள், பின்னர் அது உறங்கும்போதும் ஒருசேர இயங்கின. உறக்கத்தில் மூளை பாடத்தைத் திருப்பிப் பார்க்கிறது போலும்!

இவ்வழியில், சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பாஷெனோவ் குழுவினர் 2022-ல் ஒரு சோதனையை வெளியிட்டனர். புதுப்பாடம் முடிந்ததும் கற்பித்தலை நிறுத்தி, உறக்கம் போன்றதொரு நிலையில் நிரலைத் தானே இயங்கவிட்டனர். மறந்ததாகத் தோன்றிய பழைய பாடம் ஓரளவு மீண்டு வந்தது!

இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. கற்றதைக் கொண்டு விடை மட்டும் கூறும் இயந்திரத்துக்கு உறக்கம் தேவையில்லை. ஆனால் பழையதை இழக்காமல் நாள்தோறும் புதிதாகக் கற்க வேண்டுமானால், பழம்பாடத்தைத் திருப்பிப் பார்ப்பது, இத்தகைய ஓய்வு போன்ற ஏதேனும் ஒரு வழி செய்தாக வேண்டும். அப்படியிருக்க, உறக்கத்தை வீண் என்பது எங்ஙனம்?

சாவை விரும்பிப் படுத்த எலியாவை இறைவன் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், எழுப்பி உணவளித்தார், அதன் பின்னரே நெடுவழி அனுப்பினார்.

ஆதலால் பெற்றோரே, தேர்வுக் காலத்திலும் பிள்ளைகளை உறங்க விடுங்கள். விழாக் குழுவினரே, இரவெல்லாம் உழைத்தவர் பகலில் கண்ணயரும் தெருக்களில் நம் ஒலிபெருக்கியைச் சற்றே தாழ்த்துவோம். அதுவும் பிறரன்புப் பணியன்றோ!

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!