துருவும் வண்ணமும்

மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் அக்காரைப் பேணி வருவோர் இன்றும் உளர். உங்களுள்ளும் சிலர் இருக்கலாம்.

அதன் பெரும்பகை துரு. இரும்பும் ஈரமும் காற்றும் கூடுமிடத்தில் அது பிறக்கிறது. கடற்கரை ஊர்களில் உப்பு அதனை விரைவுபடுத்துகிறது. துருவின்மீதே வண்ணம் பூசுதல் புண்ணைத் துணியால் மறைப்பதற்கு ஒப்பாகும். உள்ளே அரிப்பு தொடரும். வண்ணம் கொப்புளித்து உதிரும்.

ஆகவே, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் உலோகம் பளிச்சிடும்வரை முதலில் தேய்த்தல் வேண்டும். குழிகளில் எஞ்சும் துருவின்மேல், கையுறையணிந்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் தடவுங்கள். உலர்ந்ததும் அன்றே பிரைமர் பூசிவிடுங்கள். வெற்று இரும்பு ஓரிரவு ஈரத்திலேயே மீண்டும் துருவேறக்கூடும். பின்னர்ப் பள்ளங்களைப் பட்டியால் நிரவி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, மீண்டும் பிரைமர் பூசி, மெல்லிய பூச்சுகளாக வண்ணம் அடிக்கலாம். மழைநாள் இதற்கு ஆகாது.

ஓர் எச்சரிக்கை. அம்பாசடருக்குத் தனிச் சட்டம் இல்லை. தகட்டுடலே பாரத்தைத் தாங்குகிறது. எனவே அடித்தகட்டில் ஓட்டை கண்டால், வண்ணத்தால் மறைக்காமல், வெல்டிங் அறிந்த பட்டறையிடம் ஒப்படையுங்கள். அதன்மேல் அமர்வது உங்கள் குடும்பமன்றோ? நிறத்தையே மாற்றுவதாயின், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிதழையும் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.