உப்புக்காற்றும் குப்பைத்தொட்டியும்

நெல்லை டவுனில் வாசலில் வைக்கிற தகரக் குப்பைத்தொட்டி வருஷக்கணக்கில் உழைக்கும். அதையே கடலோர ஊர்களான உவரியிலோ இடிந்தகரையிலோ வைத்தால் சீக்கிரமே அடிப்பாகம் பொத்துப்போகும். காற்றோடு வரும் உப்பு தகட்டில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழையே இல்லாவிட்டாலும் இரும்பு நனைந்தே கிடக்கும்.

வெல்டிங் பட்டறைக்காரன் நான். எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் கண் முதலில் கீலுக்குத்தான் போகும். கடலோரக் கூட்டப்புளியிலிருந்து ஒரு அக்கா எவர்சில்வர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, துருவே பிடிக்காதுன்னுதான் கடையில குடுத்தாவ. மூடி கையோட வந்துட்டு பாருங்க" என்றார். தொட்டி என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கீலில் போட்டிருந்த திருகாணிகள் சாதா இரும்பு! எவர்சில்வரோடு இரும்பு ஒட்டியிருந்து உப்பு ஈரமும் பட்டால், பலியாவது இரும்புதான். தனியாக இருப்பதைவிட வேகமாக அரித்துப்போகும். திருகாணித் தலைகள் உதிர்ந்து, ஓட்டையைச் சுற்றிப் பழுப்புத் தடம் வழிந்திருந்தது. தொட்டிக்கு ஏற்ற எவர்சில்வர் திருகாணியே போட்டுக் கொடுத்தேன்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று நம்புகிறோம், இல்லையா? 304 கிரேடிலும் ஒட்டாது, மட்டமான 202-லும் பெரும்பாலும் ஒட்டாது. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். விலை குறைவுதான், கடற்கரைக்கு ஆகாது. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. உப்பைத் தாங்க வைப்பது அதுதான். பில்லில் கிரேடை எழுதச் சொல்லுங்கள். 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபம் கடலோரத்தில் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் வைத்தே அரிமானத்தை ஆராய்கிறது. அவ்வளவு பெரிய விஷயம் இந்த உப்பு அரிப்பு!

316 விலையைக் கேட்டால் தலை சுற்றும். குப்பைக்கு எதற்கு அது என்பீர்கள். சரிதான், கனமான பிளாஸ்டிக் தொட்டியே போதும், கீல் கம்பியும் பிளாஸ்டிக்காக இருந்தால். வெயில் படாத சுவரோரம் வைத்து, ஆடிக்காற்றில் பறக்காமல் கயிறு கட்டுங்கள். தகரத் தொட்டி ஏற்கெனவே இருந்தால் இரண்டு செங்கல் மேல் ஏற்றி, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

இனி கடைக்குப் போனால் மூடியைத் திறந்து, கீலைப் பார்த்த பிறகே காசை எடுங்கள்.